கறுப்புக் காரின் இடது பாதி

என் கருவிப் பெட்டியின் அடித்தட்டில் ஒரு மஞ்சள் துணி கிடக்கிறது. ஒரு முழ அகலம் இருக்கும். ஓரம் தைத்து, நாலாக மடித்தது. கடல்காற்று ஈரம் ஏறி வீசும் நாட்களில் அது தானாகவே பிசுபிசுக்கும். வெயில் காய்கிற நாட்களில் அப்பளம் போல விறைத்துக்கொள்ளும். அவ்வளவு உப்பு அதற்குள். இரண்டு விரலால் கசக்கினால் உப்போடு இன்னொன்றும் நெருடும், சோற்றில் மணல் கடிபட்டதுபோல. ஐந்து வருஷமாக நான் அதைத் துவைக்கவில்லை. ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் தெரியாமல் அதை எடுத்து வண்டி துடைக்கப் போனால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். அந்தத் துணியின் சொந்தக்காரரை நான் எப்படிக் கவிழ்த்தேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். எழுதினால் மனசு ஆறும் என்கிறார்கள். எனக்கு ஆற வேண்டாம். நடந்தது நடந்தபடி ஞாபகம் இருந்தால் போதும்.

அவரை ஊரே பெரிய டிரைவர் என்று சொல்லும். சங்கும் உப்பும் ஏற்றுமதி செய்கிற ஒரு முதலாளி வீட்டில் முப்பது வருஷமாக டிரைவர். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, தோளில் மஞ்சள் துணி. முதலாளியின் அப்பா காலத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய நீளமான கறுப்புக் கார் ஒன்று அந்த வீட்டில் இருந்தது. அதை அவரைத் தவிர யாரும் ஓட்டியதில்லை. கடற்கரைச் சாலையில் அந்தக் கார் வரும்போது சைக்கிள்காரர்கள் இறங்கி நிற்பார்கள். வணக்கம் பின்சீட்டுக்குத்தான், ஆனால் பெரிய டிரைவர் பாதியைத் தனக்கு எடுத்துக்கொள்வார். தலை அசைப்பதில் அது தெரியும்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்துவிட்டு ஊர் வந்தவன். புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். சாத்தான்குளத்தில் மிஷன் பள்ளி வாத்தியாரான அப்பா பேங்க் பரீட்சை எழுதச் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்கோ உட்கார்ந்து செய்கிற வேலை என்றாலே உடம்பு அரிக்கும். துறைமுகம் போகிற ரோட்டில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்தேன். சேர்ந்த இரண்டாம் மாதம், பழைய கப்பல் சாமான் விற்கிற ஒருவர் கடையில் அந்த மெஷினைப் பார்த்தேன். கைப்பிடி இரண்டு, நடுவில் மோட்டார், முனையில் சுற்றுகிற தட்டு. தட்டின் மேல் ஆட்டு ரோமத்தால் செய்த உறை. ஏதோ ஒரு சரக்குக் கப்பலில் பித்தளைகளைத் துலக்க வைத்திருந்ததாம். நூற்றுப்பத்து வோல்ட் கரண்டில் ஓடுவது. நம் ஊர்க் கரண்டில் நேராகச் செருகினால் புகைந்துபோகும். அதனால் ஆட்டுக்கல் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். என் சைக்கிளை அவருக்குக் கொடுத்துவிட்டு இரண்டையும் வாங்கிக்கொண்டேன். அன்று முதல் நடைதான். சைக்கிள் போனதற்காக ஒரு நாள்கூட வருத்தப்பட்டதில்லை. அந்த மெஷினால் என்ன செய்ய முடியும் என்று இந்த ஊரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரிந்திருந்தது.

என்ன செய்ய முடியும் என்றால், வலையை எடுக்க முடியும். வலை என்பது நான் வைத்த பெயர். நல்ல வெயிலில் ஒரு கறுப்பு வண்டியின் பானெட்டைப் பாருங்கள். சூரியன் அதில் ஒரு காசு போலத் தெரிய வேண்டும். தெரியாது. அதைச் சுற்றி நூல் நூலாக வட்டம் வட்டமாக ஒரு சிலந்தி வலை பின்னியிருக்கும். அத்தனையும் துடைத்துத் துடைத்து விழுந்த கீறல். பெயின்ட்டின் மேல்தோலை மயிரிழைக்கும் குறைவாகத் தேய்த்து எடுத்து, கீறலின் அடிமட்டத்துக்கு மேல்மட்டத்தைக் கொண்டுவந்துவிட்டால் வலை காணாமல் போகும். கையால் செய்தால் ஒரு வாரமும் தோள்பட்டையும் போகும். மெஷினால் இரண்டு நாள். ஆனால் ஒரே இடத்தில் நின்றால் பெயின்ட் சூடேறிக் கருகும். ஓரங்களில் அழுத்தினால் தகரம் பல்லைக் காட்டும். மெஷின் ஓடும்போது இரண்டு கையிலும் ஒரு துடிப்பு ஏறும் பாருங்கள், அதற்காகவே நான் எந்தப் பரீட்சையும் எழுதாமல் இருப்பேன்.

முதலாளியின் கறுப்புக் கார் எங்களிடம் வந்தது பிரேக் வேலைக்காக. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியிடம் கெஞ்சி, பாலிஷும் போட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். இரண்டு நாள். ரோம உறையில் கறுப்பு இறங்க இறங்க, முப்பது வருஷத்து மங்கல் கழன்று வந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் முதலாளி வந்து வெயிலில் நின்ற காரைப் பார்த்தார். பானெட்டில் சூரியன் ஒற்றைக் காசாகக் கிடந்தது. முதலாளி குனிந்து அதில் மீசையை ஒதுக்கிக்கொண்டார். பிறகு பெரிய டிரைவரிடம் திரும்பி, "என்னவே, முப்பது வருசமாத் துடைக்கேரு, ஒரு நாளாவது இப்படி இருந்துச்சா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் சிரித்ததைப் பெரிய டிரைவர் பார்த்தார். என் பக்கத்துத் தப்பு என்று ஏதாவது உண்டென்றால் அந்தச் சிரிப்பு ஒன்றுதான்.

பன்னிரண்டு நாள் கழித்துக் கார் மறுபடி வந்தது. பின்சீட்டில் முதலாளி. முகம் கடுகடுத்திருந்தது. பெரிய டிரைவர் இறங்கி நேராக என்னிடம் வந்து, என் பிடரியில் கை வைத்தார். தள்ளிக்கொண்டு போய் பானெட்டின் மேல் குனிய வைத்து அழுத்தினார். உச்சி வெயில். கறுப்புத் தகரம் கன்னத்தைச் சுட்டது. "பாருல. நல்லா கண்ணத் தொறந்து பாரு. என்ன தெரியுது?"

வலை தெரிந்தது. முன்பைவிடக் கூடுதலாகத் தெரிந்தது. பெரிய டிரைவர் என் தலைக்கு மேலாக முதலாளியிடம் சொன்னார்: "மெஷினு சுத்துது. கீறலும் சுத்துது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும் முதலாளி?"

அந்தச் சாட்சியைக் கேட்டால் யார்தான் நம்பமாட்டார்கள்? பிடரியில் கை இருக்கும்போதே நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் என் தலையை இடதுபக்கம் தள்ளினால் வட்டங்களும் இடதுபக்கம் நகர்ந்தன. வலதுபக்கம் தள்ளினால் வலதுபக்கம். கீறலில் வட்டமே கிடையாது. எல்லாத் திசையிலும் குறுக்கும் மறுக்குமாக ஓடுகிற சின்னச் சின்னக் கோடுகள்தான். வெளிச்சத்துக்குக் குறுக்கே கிடக்கிற கோடு மட்டும் மின்னுவதால், சூரியன் எங்கே தெரிகிறதோ அதைச் சுற்றி வட்டம் போலக் கண்ணுக்குப் படுகிறது. மெஷின் தடம் போட்டால் அது வேறு மாதிரி இருக்கும். விசிறி மடிப்பு போலப் பட்டையாக விழும். இதையெல்லாம் நான் நிமிர்ந்ததும் மூச்சுவிடாமல் சொன்னேன். "முதலாளி, நான் நகந்தா வட்டமும் கூட நகருது, நீங்களே பாருங்க!"

பெரிய டிரைவர் சுற்றி நின்றவர்களைப் பார்த்துக் கையை விரித்தார். "கேட்டியளா? வட்டம் இவன் பின்னாலயே வருதாம்! கல்யாணம் கட்டிக் கூட்டிட்டுப் போயிருடே."

ஒர்க்‌ஷாப்பே சிரித்தது. முதலாளிகூடச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "உம் மெஷினத் தூக்கிட்டுக் கிளம்பு. நாளைக்கு இங்கன உன்னப் பாக்கக்கூடாது" என்றார். மெஷினை ஒரு தோளிலும் டிரான்ஸ்பார்மரை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு நடந்தேன். கன்னத்தில் சுட்ட தடம் நாலு நாளில் போயிற்று. பிடரி போகவில்லை. இதை எழுதும்போதும் அங்கே ஐந்து விரல் இருக்கிறது.

இந்த ஊரில் கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரு வாரத்துக்குள் என் பெயர் வட்டம் என்று ஆயிற்று. டீக்கடையில், பஸ் ஸ்டாண்டில், பிரார்த்தனைக்குப் போனால் அங்கேயும். "ஏலே, வட்டம் வாரான் பாரு." எவரும் வண்டி தரவில்லை. இரும்பு பீரோவுக்குப் பாலிஷ் போட்டேன், துரு ஏறிய கிரில் கதவைத் தேய்த்தேன். அப்பாவுக்கு எழுதிய கடிதங்களில் எல்லாம் நலம் என்று எழுதினேன். அப்படிக் கழிந்த ஏழு மாதமும் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் மென்றுகொண்டிருந்தேன். பன்னிரண்டே நாளில் அத்தனை வலை எப்படி விழும்? தண்ணீர்ப் பஞ்சமான ஊர். உலர்ந்த துணியால் தூசி தட்டுகிற பழக்கம் எல்லா டிரைவருக்கும் உண்டு. உப்பளத்துத் தூசி சேர்ந்தால் கீறத்தான் செய்யும். ஆனால் அது ஆறு மாதத்து வேலை. பன்னிரண்டு நாளில் விழுகிற வலைக்கு வேறு ஏதோ இருக்க வேண்டும். அந்த ஆள் எதையோ போடுகிறார். அது என்னவென்று தெரியவில்லை. தெரியாததைக் காட்டிக்கொடுக்கவும் முடியாது.

வைகாசியில் முதலாளி மகளுக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டதும் நான் அவர் வீட்டுக்கே போனேன். அவர் ரேக்ளா மாடு வளர்ப்பவர். பந்தயம் என்று காதில் விழுந்தால் போதும். நின்றபடியே சொன்னேன். "முதலாளி, கல்யாண வண்டிக்கு முழுசும் நான் மெஷின் போடுதேன். சம்பளம் வேண்டாம். போட்டு முடிச்சதும் நடுவுல ஒரு நூலு பிடிப்போம். பத்து நாளைக்கு வலது பாதிய நான் மட்டும் தொடுதேன். இடது பாதிய பெரிய டிரைவர் மட்டும் தொடட்டும். பத்தாம் நாள் உச்சி வெயில்ல வண்டிய வெளிய நிறுத்திப் பாருங்க. என் பக்கம் கீறல் இருந்தா மெஷினக் கடல்ல போட்டுட்டு ஊருக்குப் போயிருதேன்."

முதலாளி பெரிய டிரைவரைப் பார்த்தார். பெரிய டிரைவர் மஞ்சள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கடல் தூரம் முதலாளி. மெஷினத் தூக்கிட்டுப் போக நானே வண்டி ஓட்டுதேன்."

அந்தப் பத்து நாளும் எனக்கு ஒவ்வொரு நிமிஷமாக ஞாபகம் இருக்கிறது. பழைய சங்குக் கிடங்கு ஒன்றைத்தான் கார் நிறுத்தும் இடமாக வைத்திருந்தார்கள். உள்ளே போனால் என்றைக்கோ அழுகிய சங்குச் சதையின் நாற்றம் சுவரிலிருந்து வரும். காலையில் நான் நகராட்சிக் குழாயில் வரிசை நின்று இரண்டு குடம் நல்ல தண்ணீர் சுமந்துகொண்டு வருவேன். வலது பாதியில் மேலிருந்து ஊற்றிவிட்டு, தேய்க்காமல், பழைய பனியன் துணியால் ஒற்றி மட்டும் எடுப்பேன். அந்தப் பக்கம் பெரிய டிரைவர் மாதா பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டு மஞ்சள் துணியை வட்டம் வட்டமாக ஓட்டுவார். என் கண்ணில் படாமல் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ செய்வார். ஒரு காரின் இரண்டு பக்கம் இரண்டு பேர்; நடுவில் நூல்.

"என்ன வட்டம், வண்டிக்கு ஞானஸ்நானமா குடுக்க?"

"ஆமா அண்ணாச்சி. உங்க பக்கம்தான் இன்னும் அஞ்ஞானியாக் கிடக்கு."

ஆறாம் நாள் பாட்டு நின்றது. கிடங்கின் ஓட்டுச் சந்தில் விழுகிற ஒரு கீற்று வெயிலில் அவர் தன் பக்கத்துக் கதவைச் சாய்ந்து சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இன்னும் வேகமாகத் துடைத்தார். எட்டாம் நாள் அதைவிட வேகமாக. எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கப் பதநீர் குடித்ததுபோல இருந்தது.

ஒன்பதாம் நாள் மத்தியானம், முதலாளி சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற நேரம், அவர் என்னிடம் வந்தார். கையில் ஒரு பனையோலைப் பட்டையில் நிஜமாகவே பதநீர். "குடி தம்பி" என்றார். தம்பி என்று என்னை அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நான் குடித்தேன்.

"முதலாளி மக பாப்பாவ ஆஸ்பத்திரியிலேருந்து கூட்டியாந்தது இந்த வண்டியிலதான். நான்தான் ஓட்டுனேன். ரெண்டு நாள் குழந்த. மாதா கோயிலுக்கு மாலையோட கூட்டிட்டுப் போறதும் நான்தான்னு அது சின்னப் பிள்ளையிலயே சொல்லிருக்கு" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நாளைக்கு எம் பக்கத்தப் பாத்தா முதலாளி சாவிய வாங்கிருவாவ. உம் மெஷின ஒரு ஓட்டு எம் பக்கமும் ஓட்டிரு தம்பி. ரெண்டு பேரும் சமம்னு போயிரும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு கால்சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய முகப்பவுடர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து என் உள்ளங்கையில் கொஞ்சம் தட்டினார். வெள்ளைப் பொடி. மாவு போல இருந்தது. விரலால் தேய்த்தால் மாவு இல்லை. "எங்க அய்யா முத்துக்குப் போடுத பொடி. சங்க இடிச்சு, ஏழு மடிப்புத் துணியில சலிச்சது. சின்னப் பையனா இருக்கும்போது முத்துக்குளிப்பு நடந்தப்ப அய்யாகூட நானும் இருந்து துடைச்சேன். அழுக்கேறின முத்துகூட இதப் போட்டு வட்டமாத் துடைச்சா கண்ணத் தொறக்கும். இந்த வண்டிக்கும் முப்பது வருசமா இதான் போடுதேன். யாருக்கும் சொன்னதில்ல. முத்துக்கு ஆவுறது வண்டிக்கு ஏன் தம்பி ஆவல?"

உண்மையாகத்தான் கேட்டார். எனக்குப் பதில் தெரியும். அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. முத்தும் சங்கும் ஒரே இனம். ஒன்றுக்கு ஒன்று தாங்கும். பெயின்ட்டின் தோல் அந்தக் கணக்கில் சேராது. முதல் நாள் பளபளக்கும், பத்தாம் நாள் வலை. என் மெஷின் வேலைக்குப் பிறகு அவர் போட்டிக்கு இரண்டு மடங்காகப் போட்டிருப்பார். பன்னிரண்டே நாளில் விழுந்த வலைக்கு அதுதான் காரணம். ஏழு மாதமாக நான் மென்ற கேள்விக்கு விடை என் உள்ளங்கையில் இருந்தது.

"தெரியல அண்ணாச்சி" என்றேன்.

மெஷினை ஓட்டியிருந்தால் ஒரு மணி நேரத்தில் இடது பாதி சரியாகியிருக்கும். இரண்டு பேரும் சமம். அவருக்குச் சாவி, கல்யாணச் சவாரி, முப்பது வருஷத்துப் பேர். எனக்கு வட்டம் என்ற பெயர் மட்டும் மிஞ்சும். "மெஷின் சத்தம் கேட்டா முதலாளி முழிச்சிருவாவ. கையாலயே செஞ்சு தாரேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வெளியே போய்க் காவல் நின்றார்.

தேன்மெழுகை உருக்கி, மண்ணெண்ணெய் விட்டு, விளக்குக் கரியைச் சேர்த்துக் குழைத்தேன். அதை இடது பாதி முழுவதும் துணியால் அழுத்தி அழுத்தி ஏற்றினேன். கீறல் ஒன்றுகூட அழியவில்லை. ஒவ்வொரு கீறலும் கறுப்பாக நிரம்பிக்கொண்டது. நிரம்பிய கீறலில் வெளிச்சம் தங்காது. முடிந்ததும் அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஓட்டுச் சந்தின் வெயிலில் அவர் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார். வலை இல்லை. "படிப்பு படிப்புதான்டே" என்றார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மனசு மாறவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். என் பிடரி சுட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் உச்சிப்பொழுது. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சியும் வரவேண்டும் என்று நான் முன்பே கேட்டிருந்தேன், வந்திருந்தார். அன்று சிரித்தவர்களில் பாதிப்பேர் அவர் கூடவே வந்திருந்தார்கள். முதலாளி மகள் மாடி வராந்தாவில் நின்றாள். பெரிய டிரைவர் சலவை மடிப்புக் கலையாத சட்டையில் காரைக் கிடங்கிலிருந்து ஓட்டிவந்து வெயிலில் நிறுத்தினார். முதலாளி பானெட்டின் முன்னால் நின்று வலதைப் பார்த்தார், இடதைப் பார்த்தார். இரண்டிலும் சூரியன் ஒற்றைக் காசு.

"என்னவே இது? பந்தயம் சப்புன்னு போச்சே" என்றார்.

"பழைய கையும் கைதான், மெஷினும் மெஷின்தான் முதலாளி" என்றார் பெரிய டிரைவர். என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். வணக்கத்தில் பாதியை எடுத்துக்கொள்கிற அதே அசைவு. இந்தத் தடவை எனக்குக் கொடுக்கிறாராம்.

நான் சொன்னேன்: "எதுக்கும் ஒரு தடவ கழுவிட்டுப் பாத்துருவோம் முதலாளி. கல்யாணத்தன்னைக்குத் தூத்தல் விழுந்தாலும் விழும்லா."

சலவைச் சோடா கரைத்த வெந்நீர் வாளி தயாராக என் காலடியில் இருந்தது. இரண்டு பாதிக்கும் ஒரே வாளி, ஒரே துணி. யாரும் குற்றம் சொல்ல முடியாது. வலதுபக்கம் முதலில் ஊற்றினேன். பிறகு இடது. துணியில் கறுப்பு இறங்கியது. பழைய கறுப்பு வண்டியில் எப்போதும் இறங்குவதுதான், எவரும் அதைக் கவனிக்கவில்லை. ஒருவர் மட்டும் கவனித்தார். மேலே நல்ல தண்ணீர் ஊற்றிவிட்டு விலகி நின்றேன். வைகாசி வெயிலில் தண்ணீர் காய எவ்வளவு நேரம் ஆகும்? முதலில் ஓரத்தில், பிறகு நடுவில், தண்ணீர் விலக விலக இடது பாதியில் வலை எழுந்து வந்தது. வலது பாதியில் காசு. நடுவில் நூல் பிடித்த இடத்தில் கத்தியால் வகிர்ந்ததுபோல ஒரு கோடு.

பெரிய டிரைவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. அது எனக்கு மட்டும் சேர்ந்தது. அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல முடியும்? இவன் நேற்று மெழுகு பூசினான் என்றால், நீ ஏன் பூசச் சொன்னாய் என்று கேட்பார்கள். வாயை மூடிக்கொண்டார்.

"அண்ணாச்சி, குனிஞ்சு பாருங்க. என்ன தெரியுது?" என்று பெரிய டிரைவரிடம் கேட்டேன்.

அவர் குனிந்தார். யாரும் தள்ளாமல் தானாகக் குனிந்தார். என் கை அவர் பிடரிப் பக்கம் போனது. தொடவில்லை. அதை என் நல்ல குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நகக்கண்ணில் நேற்றைய கரி இருந்தது; அவர் காலர் அவ்வளவு வெள்ளை.

"எப்படிவே விழுந்துச்சு இவ்வளவு கீறல்?" என்று முதலாளி கேட்டார். பெரிய டிரைவரிடம்தான் கேட்டார். பதில் சொன்னது நான். "அவரு பையில ஒரு பவுடர் டப்பா இருக்கு முதலாளி. அதக் கேளுங்க."

முதலாளி கையை நீட்டினார். டப்பா வந்தது. ஒரு சிட்டிகையை இரண்டு விரலுக்கு நடுவில் உருட்டினார். மூன்று தலைமுறையாகச் சங்கு வியாபாரம் செய்கிற விரல், தெரியாமல் இருக்குமா? "சங்குப் பொடி" என்றார். சத்தம் போடவில்லை. "எங்க அப்பா வாங்குன வண்டியில சங்குப் பொடியப் போட்டுத் தேச்சிருக்கேரு." நீட்டிய கையை மடக்காமல் அப்படியே வைத்திருந்தார். சாவி வந்தது. "நாளையிலேருந்து உப்பளத்துக் கேட்டப் பாத்துக்கிடும்."

மாடியில் அந்தப் பெண் ஏதோ சொல்ல வந்து, உள்ளே போய்விட்டாள். பெரிய டிரைவர் தோளிலிருந்த மஞ்சள் துணியை எடுத்து, ஓரம் சரிபார்த்து நாலாக மடித்து, பானெட்டின் மேல் வைத்தார். வலது பாதியில் வைத்தார். பிறகு நடந்து வெளியே போனார். கூட்டம் கலைந்ததும் நான்தான் அதை எடுத்தேன்.

கல்யாணத்துக்கு வேறொரு டிரைவர் அந்தக் காரை ஓட்டினார். இடது பாதிக்கும் நானே மெஷின் போட்டிருந்தேன். மாதா கோயில் வாசலில் அது வந்து நின்றபோது பூவும் ஆகாயமும் அதில் அப்படியே விழுந்தன. கூட்டத்தில் நான் தேடியது வெள்ளைச் சட்டை ஒன்றை. கண்ணில் படவில்லை. படாதது எனக்கு ஒரு குறைதான். அவர் பார்த்திருக்க வேண்டும். அதன்பின் வட்டம் என்று எவரும் கூப்பிடவில்லை. ஒர்க்‌ஷாப் அண்ணாச்சி ஆள் அனுப்பினார், நான் போகவில்லை. இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு ஷெட் இருக்கிறது. கோவில்பட்டி, விளாத்திகுளத்திலிருந்தெல்லாம் வண்டி வருகிறது.

வண்டி முடிந்ததும் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். நேர் ரோட்டில் போய்த் திரும்பினால் போதும். நான் சுற்றிக்கொண்டு உப்பளப் பாதையில்தான் போவேன். இந்த ஐந்து வருஷமும் அப்படித்தான். கேட்டின் அருகே ஓலைக்கூரையின் கீழ் காக்கிச் சட்டையில் அவர் உட்கார்ந்திருப்பார். பின்னால் உப்பு அம்பாரம் அம்பாரமாகக் கண்ணைக் கூசவைக்கும். நான் வேகத்தைக் குறைத்து, வெயில் படும்படி வண்டியைத் திருப்பி, மெதுவாகக் கடந்து போவேன். அவர் பார்க்கமாட்டார். லாரி நம்பர் எழுதுகிற நோட்டைப் பார்ப்பார். பார்க்காமல் இருப்பதற்கு அவர் படுகிற பாட்டை நான் பார்த்துக்கொண்டு போவேன்.

போன வாரம் ஒரு டாக்டரின் கறுப்பு அம்பாசிடர். என் கையில் இதுவரை வந்ததிலேயே நல்ல வேலை என்று நினைத்திருந்தேன். கேட்டுக்கு நேரே போகும்போது அவர் எழுந்து கையைக் காட்டினார். நிறுத்தினேன். தலை முழுக்க நரைத்திருந்தது. வண்டியை ஒரு சுற்று வந்தார். பிறகு வலதுபக்கத்துப் பின்கதவின் முன்னால் நின்று, இடுப்பில் கை வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து குனிந்தார். வலையைப் பார்க்கிறவன் குனிகிற விதத்திலேயே குனிந்தார். ஒரு விரலை நீட்டினார். தொடவில்லை.

"ஏலே இன்ஜினியரு. உம் மெஷினு இங்கன கையெழுத்துப் போட்டிருக்கு பாரு."

இறங்கிப் போனேன். நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. அவர் விலகி எனக்கு இடம் விட்டார். குனிந்தேன். கைப்பிடிக்குக் கீழே, இரண்டு அங்குல அகலத்தில், விசிறி மடிப்பு போல ஒரு பட்டை. உறை தேய்ந்திருந்ததைக் கவனிக்காமல் அவசரத்தில் ஓட்டியிருக்கிறேன். மெஷினின் தடமேதான். என் பின்னால் அவர் நின்றிருந்தார். அவர் கை எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியாது. பிடரி மட்டும் அந்த ஐந்து விரலையும் எண்ணிக்கொண்டிருந்தது. நிமிர எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

"அந்த மஞ்சத்துணி இருந்தா ஒரு தட்டு தட்டு. போயிரும்" என்றார். சிரிக்கவில்லை.

"அத அன்னைக்கே தூக்கிப் போட்டாச்சு" என்றேன்.

"அப்படியா" என்றார். போய் உட்கார்ந்து நோட்டை விரித்தார்.

ஷெட்டுக்கு வந்து புது உறை மாட்டி அந்தப் பட்டையை எடுத்தேன். எடுத்த பிறகு கதவை ஒன்பது தடவை பார்த்தேன். பெட்டியைத் திறந்து துணியை வெளியே எடுத்தேன். காற்றில் ஈரம் இருந்தது, கையில் பிசுபிசுத்தது. கசக்கினேன். நெருடியது. ஐந்து வருஷத்தில் அந்தப் பொடி கொஞ்சமும் கரையவில்லை. திரும்ப நாலாக மடித்து அடித்தட்டில் வைத்து மூடினேன். புதன்கிழமை கயத்தாற்றிலிருந்து ஒரு கறுப்பு வண்டி வருகிறது. மூன்று நாள் எடுத்துக்கொள்வேன். முடித்ததும் உப்பளப் பாதையில்தான் போவேன். உச்சி வெயிலில் கேட்டுக்கு நேரே நிறுத்தி, அவர் குனிந்து முழுதும் பார்க்கும்வரை இறங்கி நிற்பேன். அந்த விரல் எங்கேயும் நீளக்கூடாது.